மலை என்னும் துலாக்கோல்

கினிகத்தேனையைத் தாண்டி வட்டவளையை நோக்கி ஏறுகின்ற வீதியிலே, ஒரு பக்கம் தேயிலைச் சரிவும் மறுபக்கம் பனி மூடிய பள்ளமுமாக வழி வளைந்து வளைந்து செல்லத் தொடங்கியதும், அதுவரை ஊர்க்கதையும் அரசியலும் பேசிக்கொண்டு வந்த வண்டியோட்டி, தன்னையறியாமலே பேச்சை நிறுத்திவிட்டு எஞ்சினின் சத்தத்துக்குச் செவிகொடுக்கத் தொடங்குவான். கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டனுக்கு எத்தனையோ தடவை பிரயாணம் செய்திருக்கிற எனக்கு, அந்த மௌனம் எப்போதும் ஒரு மரியாதையாகவே தோன்றியிருக்கிறது. சமவெளியில் ஓடுகிறவரை எந்த எஞ்சினும் தன் குறையை மறைத்துக்கொண்டு ஓடிவிடும். ஏற்றத்தில் கால் வைத்த மாத்திரத்தில், அதன் பலம் இவ்வளவு, பலவீனம் இவ்வளவு என்பது, சாட்சி விசாரணை எதுவும் வேண்டாமல் வெளிப்பட்டுவிடுகிறது. நம்மவர் வாயில் அட்டன் என்று வழங்குகிற இந்த ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில், எஞ்சின்களைப் பழக்கி, இசைவித்து, மலைக்கு ஏற்றவையாக்கிய மனிதர்களின் தொழிலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. கொழுந்துக்கும் கவ்வாத்துக்கும் உள்ள சரித்திரத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எண்ணெய்க் கறை படிந்த கைகளுடைய இந்தச் சரித்திரத்தை எழுதியவர் மிகச் சிலரே.

இக்காலத்தில் மோட்டார் வண்டியின் எஞ்சினை முறையாக டியூன் செய்ய விரும்புகிறவர்கள் டைனமோமீட்டர் என்னும் கருவியை நாடுகிறார்கள். வண்டியின் சக்கரங்களைக் கனத்த உருளைகளின்மேல் நிறுத்தி, பட்டைகளால் நாற்புறமும் இறுகக் கட்டி, எதிரே பெரிய விசிறியைச் சுழலவிட்டு, எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டுவார்கள். வண்டி ஓரடிகூட நகராது. ஆனால் உருளைகளைச் சுழற்ற அது எவ்வளவு பாடுபடுகிறது என்பது கணினித் திரையில் ஒரு வளைகோடாக எழும்பும். அக்கோட்டைப் பார்த்துக்கொண்டே எரிபொருளைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும், தீப்பொறி விழும் கணத்தைச் சற்று முந்தியும் பிந்தியும் வைத்து, கோடு மேலே ஏறும்வரை திருத்திக்கொண்டே போவார்கள். வித்தை அவ்வளவுதான். ஆயினும், இந்த உருளைகள் இலங்கைக்கு வந்து சேர்வதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே, இதே வித்தை மலைநாட்டிலே வேறு கருவியைக் கொண்டு நடந்துவந்தது. அந்தக் கருவி மலைதான்.

பலத்தை அளப்பது என்ற எண்ணமே மனித சரித்திரத்தில் மிகவும் பிந்தி வந்தது. நீராவி எஞ்சினைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், தம்முடைய எஞ்சினை வாங்க வந்தவர்களுக்கு அதன் மதிப்பைப் புரியவைக்கும்பொருட்டு, ஒரு குதிரை ஒரு நிமிடத்தில் 33,000 இறாத்தல் எடையை ஓர் அடி உயரத்துக்குத் தூக்கவல்லது என்று ஒரு பிரமாணத்தை நிர்ணயம் செய்தார். குதிரைவலு என்று நாம் இன்றும் சொல்வது அந்தக் கணக்குத்தான். இதை நம் மலைக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். நூறு இறாத்தல் எடையுள்ள ஒரு பெண், முப்பது இறாத்தல் கொழுந்தை முதுகுக் கூடையில் சுமந்து, ஐந்நூறு அடி உயரம் ஏறிக் கொழுந்து மடுவத்துக்கு வந்து சேர்கிறாள் என்றால், அவள் செய்த வேலை 65,000 அடி-இறாத்தல். வாட்டின் குதிரைக்கு அது இரண்டு நிமிட வேலை. அவள் அரை மணி நேரத்தில் ஏறுகிறாள். ஆகவே அந்த அரை மணி நேரமும் அவளுடைய உடம்பு ஒரு குதிரைவலுவில் பதினைந்தில் ஒரு பங்கை இடையறாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இலங்கையின் மலைநாட்டுச் செல்வம் முழுவதும் முதலில் இந்தப் பதினைந்தில் ஒரு பங்குகளைக் கூட்டிக் கூட்டிச் சேர்த்ததுதான்.

வாட் பிரமாணத்தைத் தந்தார். ஓடுகின்ற ஒரு தண்டிலிருந்து அந்தப் பலத்தை நேராக அளக்கும் வழியைத் தந்தவர், பிரெஞ்சு தேசத்துப் பொறியியலாளரான காஸ்பார் தெ ப்ரோனி. 1821ஆம் ஆண்டில் அவர் செய்தது மிகவும் எளிமையான காரியம்: சுழலும் தண்டை இரண்டு மரக்கட்டைகளுக்கிடையே இறுக்கிப் பிடித்து, கட்டையிலிருந்து நீண்ட ஒரு கைமரத்தின் நுனியில் எடையைத் தொங்கவிட்டு, தண்டு அக்கைமரத்தை எவ்வளவு பலத்தோடு இழுக்கிறது என்று பார்த்தார். கட்டைக்குப் பதிலாக, எஞ்சினின் பறக்கும் சக்கரத்தைச் சுற்றி ஒரு கயிற்றைப் போட்டு, ஒரு முனையில் எடையையும் மறுமுனையில் சுருள்வில் தராசையும் மாட்டி அளக்கும் முறை பிறகு வந்தது. தடை போட்டு அளந்த பலம் ஆகையால்தான், பழைய எஞ்சின்களின் பித்தளைத் தகட்டில் 'பிரேக் ஹோர்ஸ்பவர்' என்று பொறித்திருப்பதைக் காண்கிறோம். மரமும் கயிறும் தாங்கமாட்டாத பெரிய கப்பல் எஞ்சின்களுக்காக, நீரையே தடையாகக் கொள்ளும் கருவியை வில்லியம் ஃப்ரூட் என்னும் ஆங்கிலேயர் 1877இல் வகுத்தார். இன்றைய உருளைகள் எல்லாம் இவற்றின் பேரப்பிள்ளைகள்.

சுருள்வில் தராசு என்றதும், மலைநாட்டில் பிறந்த எவருக்கும் நினைவு வேறிடத்துக்குப் போகாமலிராது. கொழுந்து மடுவத்தின் உத்தரத்திலிருந்து தொங்கிய தராசு அதுவே. அதன் கொக்கியிலே கூடையை மாட்டி, முள் எங்கே நிற்கிறது என்று கணக்கப்பிள்ளை பார்ப்பதற்கும், கூடைக்கு இவ்வளவு, இலையில் நின்ற மழைநீருக்கு இவ்வளவு என்று கழிப்பதற்கும் இடையே உள்ள அந்த ஒரு நிமிடத்தில், அன்றைக்கு முழுநாட் கூலியாகிய முழுப்பேரா, அரைநாட் கூலியாகிய அரைப்பேரா என்பது தீர்மானமாகிவிடும். எஞ்சினை அளந்த தராசில் முள் குறைந்தால், குறை எஞ்சினில் என்று கண்டு அதைத் திருத்தினார்கள்; எண்ணெய் ஊற்றினார்கள்; தேய்ந்த உறுப்பை மாற்றினார்கள். மனிதரை அளந்த தராசில் முள் குறைந்தபோது கூலியைக் குறைத்தார்கள். இவ்விரண்டு தராசுகளும் ஒரே தோட்டத்தில், ஒரே நிர்வாகத்தின்கீழ், ஒரே காலத்தில் இருந்தவை என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

தேயிலைக்கு முன் இம்மலைகளில் பயிரான கோப்பியை இலைநோய் அழிக்கத் தொடங்கியது 1869ஆம் ஆண்டில். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். முதலில் தம் பங்களா விறாந்தையில் கையாலேயே இலையை உருட்டச் செய்த அவர், 1872இல் உருட்டும் யந்திரத்தோடு கூடிய தொழிற்சாலை ஒன்றை அமைத்துக்கொண்டார். கோப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். கோப்பிக் கொட்டையை உலர்த்தி மூட்டை கட்டி இறக்கிவிட்டால் மீதி வேலை கொழும்பில் நடக்கும். தேயிலைக் கொழுந்தோ பறித்த ஒரு நாளுக்குள்ளாகவே வாடவும், உருளவும், புளிக்கவும், காயவும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு தொழிற்சாலை, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு பலம் தரும் யந்திரம் என்று ஆயிற்று. அஸாமில் வில்லியம் ஜாக்ஸன் அமைத்த உருட்டு யந்திரங்களும், பெல்ஃபாஸ்ட் நகரத்து சாமுவேல் டேவிட்சனின் 'சிரோக்கோ' உலர்த்திகளும் இங்கே வந்திறங்கின. அவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் பொறியியல் ஸ்தாபனங்கள் தோன்றின. இன்று இலங்கை முழுவதும் பெயர் தெரிந்த பிரவுன் கம்பெனி, 1875இல் தோட்டங்களுக்கு வேலை செய்யும் பட்டறையாக ஹட்டனிலேதான் பிறந்தது. புகையிரதம் ஹட்டனை வந்தடைந்தது அதற்கு ஒன்பது ஆண்டு கழித்து, 1884இல். ஆதலால் அந்த முதல் யந்திரங்கள் மாட்டுவண்டியிலும் மனிதர் தோளிலும் ஏறி வந்தவையே.

தொழிற்சாலையை நம்மவர் 'இஸ்டோரு' என்றார்கள். இஸ்டோருக்குள் நுழைந்தால், கூரையின்கீழ் நெடுகச் சென்ற ஒரு நீண்ட தண்டு, அதில் வரிசையாகப் புல்லிகள், ஒவ்வொரு புல்லியிலிருந்தும் கீழே ஓர் உருட்டு யந்திரத்துக்கோ சல்லடைக்கோ இறங்கும் தோல் பெல்ட்டு என்று, காடு போலச் சுழன்றுகொண்டிருக்கும். அருவி அருகில் இருந்த தோட்டங்களில் நீர்ச்சக்கரமும் பெல்டன் சக்கரமும் அத்தண்டைச் சுழற்றின. மற்றவற்றில் நீராவியும், பின்பு ரஸ்டன், கிராஸ்லி, டாங்கீஸ் முதலிய எண்ணெய் எஞ்சின்களும் சுழற்றின. இங்கிலாந்தில் ஒரு சமவெளித் தொழிற்சாலையில், கடல் மட்டத்துக் காற்றில், தடை போட்டு அளந்து, இத்தனை குதிரைவலு என்று பித்தளையில் பொறித்து அனுப்பிய எஞ்சின், ஹட்டனில் நாலாயிரம் அடிக்குமேல் வந்து நின்றதும் அத்தனை வலுவைக் கொடுக்காது. தகடு சொன்னது ஒன்று, தண்டு காட்டியது ஒன்று. இந்த வித்தியாசத்தை முதன்முதலில் கண்டுகொண்டவர்கள் கல்லூரிகளில் படித்த பொறியியலாளர்கள் அல்லர். லயத்திலிருந்து விடியற்காலையில் எழுந்து வந்து எஞ்சினை உதைத்து எழுப்பிய எஞ்சின் டிரைவர்மாரே.

அவர்களிடம் கருவி இல்லை. ஐந்தாவது உருட்டு யந்திரத்தைப் பூட்டும்போது எஞ்சின் எப்படி முனகுகிறது, வேகக் காப்பின் குண்டுகள் எவ்வளவு தாழ்கின்றன, பெல்ட்டு எந்த இடத்தில் வழுக்கிச் சீறுகிறது, புகைப்போக்கியில் புகை எப்போது சாம்பல் நிறத்திலிருந்து கறுப்பாகிறது என்பவையே அவர்களுடைய அளவைகள். தாங்கியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். பத்து எண்ணும்வரை கை பொறுத்தால் நல்லது, பொறுக்காவிட்டால் எண்ணெய். ப்ரோனியின் மரக்கட்டை செய்த வேலையை அங்கே தேயிலையே செய்தது. எத்தனை உருட்டு யந்திரங்களை எஞ்சின் தாங்கியது என்பதே அதன் உண்மையான வலு; மிச்சம் எல்லாம் தகட்டில் எழுதிய எழுத்து.

புகையிரதப் பாதையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதன் சரித்திரம் வேறிடங்களில் நன்றாக எழுதப்பட்டிருப்பதால். நாவலப்பிட்டியிலிருந்து மேலே, நாற்பத்துநான்கு அடி சென்றால் ஓரடி உயரும் ஏற்றமும், ஐந்து சங்கிலி ஆரமுள்ள வளைவுகளும் கொண்டு அமைந்த அந்தப் பாதை, உலகத்து எஞ்சின் கட்டுநர்களுக்கெல்லாம் ஒரு பரீட்சை மண்டபம் போன்றது. ஒரே எஞ்சினால் முடியாதபோது பின்னாலிருந்து இன்னொரு எஞ்சின் தள்ளியது. 1927இல் இரட்டை உடம்புள்ள காரட் எஞ்சின் ஒன்றும், 1945இல் மேலும் எட்டும் இந்த ஏற்றத்துக்காகவே வந்தன. 1954இல் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா அளித்த டீசல் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 1,425 குதிரைவலுவோடு, தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயரைத் தாங்கிக்கொண்டு சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்தன. எஞ்சினின் வலு எவ்வளவு என்ற கேள்வி, இந்தப் பாதையில் வேலை செய்தவர்களுக்குக் காகிதக் கணக்காக ஒருபோதும் இருந்ததில்லை.

மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்; 1904இலேயே மோட்டார்காரர்களுக்கென்று ஒரு சங்கமும் ஏற்பட்டுவிட்டது. தோட்டத்துத் துரைமார் குதிரையை விட்டு வண்டிக்கு மாறினார்கள். அவர்கள் கண்ட முதற் சங்கடம் காற்று. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடி ஏறும்தோறும் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று வீதம் குறைகிறது. எஞ்சின் ஒவ்வொரு மூச்சிலும் இழுக்கின்ற காற்றும் அவ்வளவு குறைகிறது. காற்றுக் குறைந்தால் எரியக்கூடிய பெட்ரோலும் குறைகிறது. ஹட்டனில் எட்டில் ஒரு பங்கு வலு இவ்விதம் போய்விடும். 6,128 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைவாகப் போய்விடும். 1956இல் வெளிவந்து, பின்பு நம் நாட்டின் குடும்ப வண்டியாகவே ஆகிவிட்ட மொரிஸ் மைனர் 1000, அச்சடித்த புத்தகத்தின்படி 37 குதிரைவலு உடையது. நுவரெலியா தபால் கந்தோருக்கு முன்னால் வந்து நிற்கும்போது அதில் எஞ்சியிருப்பது ஏறத்தாழ முப்பதுதான். ஏழு குதிரைகளை வழியிலேயே அவிழ்த்து விட்டுவிட்டு வந்ததற்குச் சமானம்.

தண்ணீர் இரண்டாவது சங்கடம். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96 பாகையிலும் நுவரெலியாவில் 94 பாகையிலும் அது கொதிக்கிறது. எஞ்சின் மிக அதிகமாகப் பாடுபடுகின்ற இடத்திலேயே அதைக் குளிர்விக்கும் தண்ணீர் மிகச் சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது என்பது, மலை வண்டியோட்டிகளுக்கு இயற்கை வைத்த கடுமையான நிபந்தனை. இறம்பொடை வழியிலும் கினிகத்தேனை வழியிலும் பாறையிலிருந்து வழியும் நீரை மூங்கிலிலோ தகரத்திலோ வாங்கி வீதியோரத்தில் விழவிட்ட பீலிகள் இருந்தன. பயணிகள் இறங்கிக் கால்நீட்டும் நேரத்தில், டிரைவரின் உதவியாள் சாக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைக் கால்வாசி திருப்பி, ஆவி சீறி அடங்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று, பிறகு பழைய பெட்ரோல் தகரத்தால் பீலித் தண்ணீரை ஊற்றுவான். எஞ்சினை நிறுத்தாமல், ஓடவிட்டுக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். சூடேறிய இரும்பில் குளிர்நீர் ஒரேயடியாகப் பட்டால் எஞ்சின் தலை வெடித்துவிடும் என்பதைப் பதினான்கு வயதுப் பையன்கூட அறிந்திருந்தான்.

காபரேட்டரிலேதான் மலைநாட்டு மெக்கானிக்கின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருந்தது. உயரத்தில் காற்று மெலிகிறது. ஆனால் காபரேட்டர் அந்த மெலிவை முழுவதும் உணர்வதில்லை. காற்றின் நிறை குறைகிற அளவுக்குப் பெட்ரோலின் நிறை குறையாததால், கலவை வேண்டியதைவிடக் கனத்துப் போகிறது. எஞ்சின் திணறும், பெட்ரோல் வாடை வரும், பிளக்கில் கரி படியும், பெட்ரோலும் வீணாகும். கொழும்பில் நன்றாக டியூன் செய்த வண்டி ஹட்டனில் இருமிக்கொண்டு வந்து நிற்பதன் காரணம் இதுவே. ஆகையால் மலையில் குடியிருக்கும் வண்டிக்கு வேறு டியூன் தேவை. அதைக் 'கொழும்பு செட்டிங்', 'மலை செட்டிங்' என்று பிரித்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் கண்ட ஒரு மலை செட்டிங்கைச் சொல்கிறேன். டிக்கோயா பக்கமாக ஒரு சிறு கராஜ்; தகரக் கூரை; உள்ளே நில எண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை. வண்டி மொரிஸ் மைனர். அதில் இருப்பது எஸ்.யூ. காபரேட்டர், 1905இல் ஸ்கின்னர் சகோதரர்கள் அமைத்த முறையில் வந்தது. பாஸ் என்று எல்லாரும் அழைத்த அந்த முதியவர், எஞ்சினை முதலில் ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார். "பச்சைத் தண்ணியில கை வைக்காதீங்க தம்பி, சூடேறின பிறகுதான் அது உண்மையைச் சொல்லும்" என்றார். வண்டி திரும்பி வந்ததும் நான்கு பிளக்குகளையும் கழற்றி ஒரு பழைய பத்திரிகைத் தாளின்மேல் வரிசையாக வைத்தார். நான்கும் அடுப்புக்கரி நிறம். "பால் ஊத்தின தேத்தண்ணி நிறத்துக்கு வரணும்" என்று சொல்லிவிட்டு, அவற்றைத் துடைத்து மாட்டி, எஞ்சினைக் கிளப்பி, காபரேட்டரின் அடியிலுள்ள ஆறுபட்டை நட்டை விரல் நுனியாலேயே ஒரு பட்டை மேலே திருப்பினார், கேட்டார், இன்னொரு பட்டை, கேட்டார். பிறகு மெல்லிய திருப்புளி ஒன்றால் உள்ளேயுள்ள பிஸ்டனை மயிரிழை அளவு தூக்கினார். எஞ்சினின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை கனம்; விழுந்து அணையப் பார்த்தால் கலவை மெலிவு; சற்றே எழும்பிப் பழையபடி அமைந்தால் சரி. மூன்றாவது பட்டையில் அது அமைந்தது. அப்போது அவர் ஓர் அடி நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காபரேட்டரின் வாயிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்ற தோற்றம், வைத்தியர் நோயாளியின் நெஞ்சைக் கேட்பதைப் போலவே இருந்தது.

வேலை அதோடு முடியவில்லை. தீப்பொறியின் கணத்தை அவர் கராஜுக்குள் வைத்து முடிவு செய்யமாட்டார். டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைச் சற்றுத் தளர்த்தி வைத்துக்கொண்டு, நோர்வூட் பக்கத்து ஏற்றம் ஒன்றில் வண்டியை மூன்றாம் கியரில் விட்டு, எஞ்சினுக்குள் கூழாங்கற்களைக் குலுக்குவது போன்ற 'நொக்கிங்' ஓசை கேட்கும்வரை ஏறச் செய்து, கேட்ட இடத்தில் நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூலளவு பின்னுக்குத் திருப்புவார்; மீண்டும் கீழே இறங்கி மீண்டும் ஏறுவார். அந்த ஓசை விழப்போகும் விளிம்புதான் எஞ்சின் தன் முழு வலுவையும் கொடுக்கும் இடம் என்பது, இன்று உருளைகளின்மேல் கணினி வைத்துப் பார்க்கிறவர்கள் கடைப்பிடிக்கும் அதே நியாயம். ஏற்றம் என்னும் மாறாத சுமையை எஞ்சினுக்குக் கொடுத்து, அச்சுமையின்கீழ் அதைத் திருத்தினார் அவர். டைனமோமீட்டரின் தத்துவத்தில் இதைத் தவிர வேறொன்றும் இல்லை.

மலை எப்படித் துலாக்கோல் ஆகிறது என்பதை எண்ணிலும் காட்டிவிடலாம். ஆட்களோடு சேர்த்து ஒரு டன், அதாவது 2,240 இறாத்தல், எடையுள்ள வண்டி ஆயிரம் அடி உயரத்தை ஐந்து நிமிடத்தில் ஏறினால், தன்னைத் தூக்கிக்கொள்வதற்கு மாத்திரம் அது செலவிட்டது பதின்மூன்றரைக் குதிரைவலு. காற்றையும் சக்கர உராய்வையும் எதிர்த்தது வேறு. எடை தெரியும், உயரம் தெரியும். கடிகாரம் ஒன்று இருந்தால் போதும். இங்கிலாந்தில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்னும் இடத்தில் 1905 முதலே குன்றேறும் பந்தயம் நடந்துவந்தது. அந்தப் பழக்கத்தைத் துரைமார் இங்கும் கொண்டுவந்தார்கள். நுவரெலியாவிலுள்ள மகாகஸ்தோட்டைத் தோட்டத்து வீதியில் 1934இல் தொடங்கிய குன்றேற்றப் பந்தயம், ஏப்ரல் மாத வசந்தகாலத்தின் விசேஷமாக இன்றும் பெயர் பெற்றது. ராதல்லையிலும் அவ்வாறே ஒரு குன்றேற்றம் உண்டு. வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்படும். யாரும் யாரையும் முந்துவதில்லை. ஒவ்வொரு வண்டியும் மலையோடும் கடிகாரத்தோடும் மாத்திரமே போட்டியிடும். வேலியோரத்துத் தேயிலைச் செடிகளுக்கிடையே தோட்டத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று, வண்டி கண்ணுக்குத் தெரியுமுன்பே அதன் குரலை வைத்து அது இன்ன வண்டி, இத்தனையாம் கியர், இன்று சுகமில்லை என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார்களில் எத்தனை பேர் தங்கள் காதுகளுக்குள் இப்பேர்ப்பட்ட ஞானத்தை வைத்திருந்தார்கள் என்பதற்குப் பதிவு எதுவும் வைக்கப்படவில்லை. தோட்டத்துப் பதிவேட்டில் அவர்கள் தொழிலாளிகள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நாட்டின் பதிவேட்டிலும் அவர்கள் பிரஜைகள் அல்லர். 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதியபோது, அந்த எண்ணுக்குள் எஞ்சின் டிரைவர்களும் லொறி மெக்கானிக்குகளும் அடங்கியிருந்தார்கள். கப்பலேறித் தலைமன்னாரைக் கடந்து போனவர்களில் பலர் நீலகிரியில் குடியேறினார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் மலை, மறுபடியும் தேயிலை. ஒரு மனிதன் தன் பெட்டிக்குள் ஸ்பானர்களை எடுத்துச் செல்லலாம். தன்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பையனை இன்னொரு தேசத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. குரு ஒரு கரையிலும் சிஷ்யன் மறுகரையிலுமாக அறுந்துபோன பாடங்கள் இந்தத் தொழிலில் அநேகம் இருந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

எஞ்சியவர்களுக்கு எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. புது வண்டி இல்லை, புது உதிரிப்பாகமும் இல்லை. 1977இல் சந்தை திறக்கப்படும்வரை, இருபது வயதான ஒஸ்டினும் மொரிஸும் பெட்ஃபர்ட் லொறியும் மலை ஏறிக்கொண்டே இருந்தன என்றால், அது கராஜுகளின் சாதனையே. காபரேட்டரில் பெட்ரோல் வரும் துளையாகிய ஜெட் தேய்ந்துபோனால், அதை ஈயத்தால் அடைத்து மீண்டும் நுண்ணிய துளையிட்டார்கள். தோல் பெல்ட்டின் துண்டிலிருந்து வாஷர் வெட்டினார்கள். வறுமை கற்பித்தது என்று சொல்லி இதைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. வேண்டிய பொருள் கையில் இருந்திருந்தால் அவர்கள் இன்னும் பெரிய காரியங்களைச் செய்திருப்பார்கள். கடலுக்கு அப்பால், கோயம்புத்தூரில் ஆலைக் குடும்பத்தில் பிறந்த கரிவர்தன், எஞ்சின்களை டியூன் செய்வதிலும் பந்தய வண்டிகளைக் கட்டுவதிலும் தேசமறிந்த பெயர் பெற்றார். அவருடைய பெயரால் ஓர் ஓட்டத்திடலே இருக்கிறது. கைத்திறன் இருந்த இடத்தில் பட்டறையும் பணமும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு அது சான்று.

இப்பொழுது காலம் வேறு. எரிபொருளைக் கணினி அளந்து தெளிக்கும் வண்டிகளில், காற்றின் அமுக்கத்தை ஒரு சிறு உணரி அறிந்து, வட்டவளையிலேயே கலவையைத் தானாக மெலிவித்துவிடுகிறது. ஆறுபட்டை நட்டு இல்லை. திருப்ப விரலும் வேண்டியதில்லை. 2008இல் ஆரம்பித்த புகைப் பரிசோதனையின் காரணமாக, வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலத்தில் ஒவ்வொரு வண்டியின் புகைக்குழாயிலும் அளவுகோல் நுழைகிறது. ஹட்டனிலுள்ள மிகப் பெரும்பாலான எஞ்சின்கள் தம் ஆயுளில் சந்திக்கின்ற ஒரே அளவுக்கருவி அதுதான். பந்தயத்துக்குப் போகிறவர்கள் மட்டும் சமவெளிக்கு இறங்கி உருளைகளின்மேல் ஏறுகிறார்கள். அந்த உருளைகள் தரும் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. எந்த ஊரில் அளந்தாலும், அன்றைய வெப்பத்தையும் அமுக்கத்தையும் கண்டு, 25 பாகை வெப்பமும் கிட்டத்தட்டக் கடல் மட்டத்து அமுக்கமும் உள்ள ஒரு பொதுக் காற்றில் அந்த எஞ்சின் எவ்வளவு கொடுக்கும் என்று திருத்தி எழுதுவதே வழக்கம். ஒப்பிடுவதற்கு அது நியாயமான முறை. ஆனால் அந்தப் பொதுக் காற்று மகாகஸ்தோட்டையில் வீசுவதில்லை.

ஆகையால் ஏப்ரலில், பந்தயத்துக்கு முந்திய நாள் மாலையிலே, கொழும்பில் அளந்து திருத்திய வண்டிகள் நுவரெலியாவுக்கு வந்து சேர்ந்தபின், காபரேட்டர் உள்ள பழைய வண்டிகளின் பானெட்டுகள் மறுபடியும் திறக்கும். பனி இறங்கிக்கொண்டிருக்கும். யாராவது ஒருவர் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பெரிய ஜெட்டைக் கழற்றிச் சிறியதை மாட்டி, ஏற்றத்தில் ஒரு தடவை போய்வந்து, சூடு ஆறாத பிளக்கைத் துணியால் பிடித்துக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நிறம் வந்துவிட்டதா என்று பக்கத்தில் நிற்கிறவரிடம் நீட்டுவார்.